தானம் கொடுத்த மாடு

எங்கள் இல்லத்தில் எந்தப் பொருளையும் எளிதில் வெளியே எறிவதில்லை. நாங்கள் இருவரும் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒரு சம்பளத்தில் ஏழெட்டுப் பேர் வாழ்ந்த குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். வேட்டி கிழிந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் கரித்துணியாகும். அதற்கும் உதவாதபோதுதான் மிதிவண்டி துடைக்கப் போகும். இவ்வாறு பழகிய எங்களுக்கு, நமக்கு வேண்டாத, ஆனால் நல்ல நிலையிலுள்ள ஒரு பொருளை இல்லாதவருக்குக் கொடுப்பது நற்செயல் என்பதில் ஐயம் எழுந்ததேயில்லை. அந்த உறுதியோடுதான் 2023-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஒரு காரியம் செய்தோம். எங்கள் கணக்கில் அது தானமாக இருந்தது. வாங்கிக்கொண்டவருக்கோ இழப்பாக முடிந்தது. வெட்கத்தை ஒதுக்கிவிட்டு அதை இங்கே எழுதுகிறோம். ஏனெனில், விழா நாள்களில் எத்தனையோ குடும்பங்கள் இதே காரியத்தை இதே நல்லெண்ணத்தோடு செய்கின்றன.

முதலில் எங்கள் சிக்கனத்தின் வேரைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருவருடைய தந்தையார் 1964-ஆம் ஆண்டில் ஒரு வால்வு வானொலிப் பெட்டி வாங்கினார். விலை 390 ரூபாய். அப்போது அவருடைய மாதச் சம்பளம் 140 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று மாத உழைப்பை ஒரே பொருளில் போடுவதற்கு முன் அவர் ஓராண்டு யோசித்தார். பெட்டி வந்ததும் கூரையின் மேல் ஏரியல் கட்டினார். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தினார். குமிழைத் திருப்பினால், உள்ளே வால்வுகள் சூடேறிச் செந்நிறமாக ஒளிரும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் திருச்சி நிலையமோ இலங்கை வானொலியோ பேசத் தொடங்கும்.

அந்தப் பெட்டி 27 ஆண்டுகள் உழைத்தது. பழுதாகாமலா இருந்தது? பலமுறை பழுதாயிற்று. ஆனால் பின்புறப் பலகையில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளிருப்பது யாவும் கண்ணுக்குத் தெரியும். உட்புறம் எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டும் படமும் அப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ரேடியோ பழுதுபார்ப்பவர் வந்து, ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கிச் சோதித்து, கெட்டதை மாற்றிவிட்டுத் தேநீர் அருந்திப் போவார். தந்தையாரின் கணக்குப் புத்தகத்தின்படி, 27 ஆண்டுகளில் பழுதுபார்த்த செலவு ஏறக்குறைய 200 ரூபாய். விலையையும் சேர்த்துக் கூட்டி ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு 22 ரூபாய்கூட ஆகவில்லை. இறுதியில் 1991-இல் அது நின்றுபோனதும் தேய்மானத்தால் அன்று. அதற்குரிய வால்வு எந்தக் கடையிலும் கிடைக்காமற்போனதால்தான்.

இந்த வானொலிதான் எங்களுக்குப் பொருளாதாரப் பாடம். நல்ல பொருளாகப் பார்த்து வாங்கு, பழுதானால் சரிசெய், நின்றுபோகும்வரை பயன்படுத்து, உனக்குத் தேவையில்லை என்றால் இன்னொருவருக்குக் கொடு. இந்நான்கு விதிகளும் எக்காலத்துக்கும் எப்பொருளுக்கும் பொருந்தும் என்று எண்ணியிருந்தோம்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 10,500 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கினோம். அதையும் வானொலியைப் போலவே பேணினோம். உறை போட்டு வைத்தோம். 2021-இல் காலையில் ஏற்றிய மின்சாரம் நண்பகலுக்குள் தீர்ந்துபோகத் தொடங்கியது. சிங்காரத்தோப்பில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் வெந்நீர்க் காற்றுப் போல ஏதோ ஒன்றால் பின்மூடியைச் சூடாக்கி, பசையை இளக்கி, மூடியைப் பெயர்த்து, 900 ரூபாய்க்குப் புதிய பேட்டரி பொருத்திக் கொடுத்தார். வானொலிக்கு நான்கு திருகாணி, இதற்குப் பசை. அவ்வளவுதான் வேறுபாடு என்று நினைத்துக்கொண்டு பெருமையோடு வீடு திரும்பினோம்.

2023 டிசம்பரில், கோயம்புத்தூரில் பணிபுரியும் எங்கள் மகள் எங்களுக்குப் புதிய கைப்பேசி ஒன்று வாங்கி வந்தாள். பழையது என்ன ஆவது? திரையில் ஒரு கீறல் இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சமையலுக்கும் பிற வேலைகளுக்கும் உதவிவரும் அம்மாளிடம் பொத்தான் வைத்த சிறிய கைப்பேசிதான் இருந்தது. அவருடைய மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். விழாவன்று புதுச் சேலையோடு அந்தக் கைப்பேசியையும் கொடுத்தோம். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு எங்கள் உள்ளமும் மலர்ந்தது.

மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “எம் மக கேக்குறா டீச்சர், இது எந்த வருஷத்துப் போனு, பழசா புதுசான்னு. நான் ஒரு அதட்டுப் போட்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்குறதுன்னு.”

நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த அம்மாளின் வங்கிக் கணக்கு, அதுவரை வங்கிக்கு நேரில் சென்றால் மட்டுமே திறக்கும் பெட்டியாக இருந்தது. தமிழக அரசு 2023 செப்டம்பரில் வழங்கத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயும், எங்களிடமும் வேறிரு வீடுகளிலும் பெறும் கூலியில் மிச்சம் பிடித்ததும் அதில் சேர்ந்துகொண்டிருந்தன. மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கான பணம் அது. ஸ்மார்ட் போன் வந்ததும், மளிகைக் கடையில் பணம் செலுத்த வசதியாக இருக்கும் என்று அந்தக் கணக்கை அதில் இணைத்தார்கள். இணைத்துக் கொடுத்தவர்களும் நாங்களே.

2024 மே மாதத்தில் ஒருநாள், தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. தொட்டுத் திறந்தார். திறக்கவில்லை. மறுபடியும் தொட்டார். ஏதேதோ கேட்டது, ‘சரி’ என்று அழுத்தினார். அது அழைப்பிதழன்று, அழைப்பிதழின் பெயரைத் தாங்கிவந்த ஒரு செயலி. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையை அது பெற்றுக்கொண்டது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கணக்கில் 11,500 ரூபாய் குறைந்திருந்தது.

இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணில் எங்கள் மகளின் துணையோடு புகார் பதிந்தோம். பணம் பறிபோன சில மணி நேரத்துக்குள் இந்த எண்ணை அழைத்தால், பணம் சென்ற கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைத்தபோது ஒரு முழு நாள் கடந்திருந்தது. பணம் கை மாறி எங்கோ போய்விட்டது.

அன்றிரவு எங்கள் மகள் அந்தப் பழைய கைப்பேசியைக் கையில் எடுத்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து ஒரு வரியை எங்களுக்குக் காட்டினாள். ஆண்ட்ராய்டு 9. பாதுகாப்புப் புதுப்பிப்பு: 2020 ஆகஸ்ட் 5.

“அப்பா, இந்தப் போனுக்குக் கடைசியாகப் பூட்டு மாற்றிய நாள் இது. நீங்கள் இதைக் கொடுத்தபோதே மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது” என்றாள்.

நாங்கள் தற்காப்பாக ஏதோ சொன்னோம். அவளும் எங்கள் மேல் முழுப் பழியைச் சுமத்தவில்லை. கேட்ட உரிமைகளையெல்லாம் கொடுத்தால் புதிய கைப்பேசியிலும் இத்தகைய ஏமாற்று நடக்கலாம் என்றாள். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்தினாள். 2022-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிகள், திரையில் தெரிவதையும் அறிவிப்புகளையும் படிக்கும் உரிமையை எளிதில் பெற்றுவிடாதபடி தடை வைக்கப்பட்டுள்ளது. அத்தகைய தடைகள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு கூடிக்கொண்டே போகின்றன. “புதிய வீட்டில் மூன்று கதவு, நாம் கொடுத்த வீட்டில் ஒரு கதவு. அதிலும் தாழ்ப்பாள் துருப்பிடித்தது” என்றாள்.

அன்றைக்குத்தான் வானொலிக்கும் கைப்பேசிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எங்களுக்கு விளங்கிற்று. திருகாணியும் பசையும் அன்று. வானொலி கேட்கும் கருவி; அதன் வழியாக எவரும் நம் வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆகவே அதன் முதுமை அதனுடையது. வால்வு எரியும்வரை அது பாடும். கைப்பேசியோ தெருவை நோக்கித் திறந்த வாசல். அதன் முதுமையைக் குறிப்பது தேய்மானம் மட்டுமன்று. அதைச் செய்தவர்கள் அதைக் காவல் காப்பதை எந்நாளில் நிறுத்துகிறார்களோ, அந்நாளில் அது முதுமையடைகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. திரை பளபளக்கும், பாட்டுப் பாடும், பேசும். உள்ளே காவல் இராது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, 2015 ஆகஸ்ட் முதல் கூகுள் நிறுவனம் மாதந்தோறும் புதிதாகக் கண்ட ஓட்டைகளின் பட்டியலை வெளியிட்டு, அவற்றை அடைக்கும் வழியையும் தருகிறது. கைப்பேசி செய்யும் நிறுவனம் அதை வாங்கித் தன் கருவிகளுக்கு ஏற்ப அமைத்து நமக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஓட்டை அடைபடும். அனுப்புவதை நிறுத்திவிட்டால்? பட்டியல் மட்டும் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருக்கும். காவலர்களுக்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியல், அடைக்கப்படாத கருவிகளைப் பொறுத்தவரை திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது.

இது வீண் அச்சமன்று. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கிப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு அடைப்பு அதற்கு இரண்டு மாதம் முன்னரே, அதாவது மார்ச் மாதத்திலேயே, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டிருந்தது. அடைப்பைப் பொருத்திக்கொள்ளாத கணினிகளே வீழ்ந்தன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் மட்டும் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் தள்ளிவைக்கப்பட்டன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நோயாளி வாசலில்; கணினியோ பூட்டிக் கிடந்தது. ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று விட்டுவைத்த பொருளின் விலை அது.

நிறுவனங்கள் ஏன் காவலை நிறுத்துகின்றன? இங்கேதான் பொருளாதாரம் வருகிறது. கைப்பேசியை விற்கும்போது ஒரே ஒருமுறை பணம் வருகிறது. அதைக் காப்பதற்கோ ஆண்டுதோறும் செலவாகிறது. உள்ளிருக்கும் சில்லைச் செய்த நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும். விலை குறைந்த மாதிரியில் ஆதாயமும் குறைவு. ஆகவே காவலும் சீக்கிரம் முடிகிறது. அதாவது, எவரால் மறுபடி வாங்க இயலாதோ, அவர் கைக்கு வரும் பொருளே முதலில் காவலை இழக்கிறது.

பொருள்களின் ஆயுளை வணிகர்கள் குறிப்பது புதிதன்று. 1924-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட மின்விளக்கு நிறுவனங்கள் ஒன்றுகூடி ‘ஃபீபஸ்’ என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 1,500 மணி நேரமும் அதற்கு மேலும் எரிந்துவந்த விளக்குக் குமிழின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று நிர்ணயித்தன. அதைவிட நீண்ட நாள் எரியும் குமிழைச் செய்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தன. நீண்ட நாள் எரியும் குமிழ் அதே மின்சாரத்துக்குக் குறைந்த ஒளியே தரும் என்பதும் உண்மை. ஆயினும் நீண்ட ஆயுளுக்கே அபராதம் என்பது வாங்குவோரின் நலனுக்காக எழுதப்பட்ட விதியன்று. இரண்டாம் உலகப் போரோடு அக்கூட்டமைப்பு முடிந்தது. இன்றைய கைப்பேசிக்கு அவ்வாறு யாரும் கூடிச் சதி செய்யவேண்டிய தேவையே இல்லை. எதையும் உடைக்க வேண்டாம். கவனிப்பதை நிறுத்தினாலே போதும்.

சில வேளைகளில் கவனிப்பின் பெயராலேயே முதுமை வந்துசேர்வதும் உண்டு. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் புதுப்பிப்புக்குப் பின் மெதுவாகக்கூடும் என்பதை வாங்கியவர்களுக்குத் தெரிவிக்காததற்காக, 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டில் ஆப்பிள் நிறுவனத்துக்கு 2 கோடியே 50 இலட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பேட்டரி மாற்றினாலே சரியாகிவிடும் கைப்பேசியை, பழசாகிவிட்டது என்று எண்ணி எத்தனை பேர் ஒதுக்கியிருப்பார்கள்!

ஆனால் நிலைமை முழுவதும் இருளன்று. விதி எழுதினால் பொருள் நீடித்து உழைக்கும் என்பதற்குச் சான்றுகள் பெருகி வருகின்றன. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதல் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின் மீது, அவற்றை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் குறிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 800 முறை முழுமையாக மின்னேற்றம் செய்த பின்னும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்க வேண்டும். விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகள் வரை உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தரப்பட வேண்டும். எங்கள் வானொலியைக் கொன்றது உதிரிப் பாகம் கிடைக்காமையே என்பதை நினைக்கும்போது, இந்த விதியின் அருமை எங்களுக்கு விளங்குகிறது.

நம் நாட்டிலும், நடுவண் அரசின் நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றி ஆராயக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, நிறுவனங்களின் பழுதுநீக்கு வசதிகளைத் தெரிந்துகொள்ள ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நிறுவனங்களுக்கிடையே போட்டியும் நன்மை செய்திருக்கிறது. 2023 அக்டோபரில் கூகுளும் 2024 ஜனவரியில் சாம்சங்கும் தம் உயர்தர மாதிரிகள் சிலவற்றுக்கு 7 ஆண்டுகள் புதுப்பிப்புத் தருவதாக அறிவித்தன. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம், பேட்டரியை வீட்டிலேயே கழற்றி மாற்றக்கூடிய தன் 2023-ஆம் ஆண்டு மாதிரிக்கு 8 ஆண்டுகள் உறுதி கூறியது. செய்ய இயலாது என்பது பொய். செய்ய மனமில்லை என்பதே மெய்.

நிற்க. சட்டமும் நிறுவனமும் திருந்தட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத் தலைவனும் தலைவியும் பேனாவை எடுத்து ஒரு சிறு கணக்குப் போட்டாலே பாதித் தெளிவு பிறந்துவிடும். விலையைப் பார்க்காதீர்கள், விலையைப் பாதுகாப்பான ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்.

ஒரு கைப்பேசி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மாதிரி வெளிவந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டதால் விலை குறைத்து விற்கிறார்கள். அதற்கு மொத்தம் 3 ஆண்டுகளே பாதுகாப்புப் புதுப்பிப்பு. இந்த 3 ஆண்டு பெரும்பாலும் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த மாதிரி வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. ஆக, நமக்கு மிஞ்சுவது ஒன்றரை ஆண்டு. ஆண்டுக்கு 6,000 ரூபாய். மற்றொன்று 18,000 ரூபாய், அண்மையில் வெளிவந்தது, 6 ஆண்டு புதுப்பிப்பு. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற 1,500 ரூபாய் ஆகும் என்று சேர்த்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 3,250 ரூபாய்தான். மலிவு என்று நாம் எண்ணியது ஏறக்குறைய இரட்டிப்பு விலை! 18,000 ரூபாயை ஒருசேரப் புரட்ட இயலாதவரே அந்த இரட்டிப்பு விலையைக் கொடுக்க நேர்கிறது என்பதுதான் இதிலுள்ள கொடுமை. அத்தகையவருக்கு உதவ விரும்புவோர், பழையதைத் தள்ளிவிடாமல், நல்லதொன்று வாங்குவதற்குக் குறையும் தொகையில் கைகொடுத்தால், அதுவே மேலான உதவி.

கடைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் மகள் எங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். இந்த மாதிரி எப்போது வெளிவந்தது? எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? பேட்டரியும் திரையும் நம் ஊரில் மாற்ற முடியுமா, என்ன செலவாகும்? விற்பனையாளர் இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல், புகைப்படம் எவ்வளவு தெளிவாக எடுக்கும் என்பதை மட்டும் விவரிப்பாரானால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். நிறுவனத்தின் இணையதளத்திலேயே இவ்விவரங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே காவல் இழந்த கைப்பேசி வீட்டில் இருந்தால் என் செய்வது? உடனே குப்பையில் போட வேண்டாம். சிம் அட்டையைக் கழற்றி, வங்கிச் செயலிகளையும் மின்னஞ்சல் கணக்குகளையும் நீக்கி, உள்ளிருப்பதை முழுவதும் அழித்துவிட்டு, இணைய இணைப்பு இல்லாமல் பயன்படுத்தலாம். பாட்டுக் கேட்கலாம், விடியற்காலையில் எழுப்பும் கடிகாரமாக வைக்கலாம், குழந்தைகளின் படங்களைச் சேமித்துப் பார்க்கலாம். தெருவாசலை அடைத்துவிட்டால் அதுவும் பழைய வானொலியைப் போல ஒரு வீட்டுப் பொருளாகிவிடும். எதற்கும் உதவாதபோது, மின்னணுக் கழிவு சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு போட்டால், உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பற்றக்கூடும். 2022-இல் உலகம் முழுவதும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மீதியில் ஒரு பகுதி ஏழைகளின் கைகளில் எரிக்கப்பட்டும் உடைக்கப்பட்டும் நச்சாகிறது. அங்கேயும் நாம் கழித்துப்போட்டதைச் சுமப்பவர் இல்லாதவரே.

இனி, அந்த அம்மாளின் கதைக்கு வருவோம். இழந்த 11,500 ரூபாயை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். “நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்? பாத்து அமுக்காதது என் தப்பு. கொடுத்தவங்க மேல பழி சொன்னா அடுக்குமா?” என்றார். தாம் பறிகொடுத்ததற்கும் தம்மையே குற்றவாளியாக நிறுத்திக்கொண்டு, எங்களை விடுவிக்கப் பார்த்தார். அந்தச் சொல், திட்டியிருந்தால்கூட உறைத்திராத அளவுக்கு எங்களுக்கு உறைத்தது. இது கொடையன்று, கடன் என்று சொல்லி, கல்லூரிக் கட்டணத்தை நாங்களே நேரில் சென்று செலுத்தினோம். பிள்ளை வணிகவியல் சேர்ந்து படிக்கிறாள்.

அவர் சொன்ன பழமொழியைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது வாங்குபவருக்குச் சொன்ன மரியாதை. அவர் பார்க்கமாட்டார், பார்ப்பது நன்றியன்று என்று தம் பிள்ளையையும் அதட்டுவார். அப்படியானால் அந்தப் பல்லைப் பார்த்திருக்க வேண்டியவர் யார்? மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தவரல்லவா?

சென்ற ஆண்டு அவருக்கு வேறொரு கைப்பேசி வாங்கக் கடைக்குச் சென்றோம். பாதித் தொகை அவருடையது, பாதி எங்களுடையது என்று பேச்சு. கூடவே அவர் மகளும் வந்தாள். விற்பனையாளர் நான்கைந்தை எடுத்து வரிசையாக வைத்து, வண்ணத்தையும் படக்கருவியையும் புகழத் தொடங்கினார். அந்தப் பிள்ளை கொஞ்சம் தயங்கி, தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

“கேளுடி” என்றார் தாய்.

“அண்ணே, இதுக்கு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?” என்று கேட்டாள் அவள்.